வேலியோரத்துக்கு எந்தப் பூசணி: ரோமனெஸ்கோ, பாட்டிபேன், ட்ரோம்பொன்சினோ

நியூஜெர்சியின் நடுப்பகுதியில் வீட்டுத் தோட்டம் போடும் நம்மவர்கள் பலர், தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய் என்று நான்கைந்து கோடைகள் கை பழகிய பிறகு, கடையில் கிடைக்கும் பச்சைச் சுக்கினியை விட்டுவிட்டு வேறு ஏதேனும் ஒரு வகையை வளர்த்துப் பார்க்கலாமே என்று எண்ணத் தொடங்குகிறார்கள். ஜனவரியில் விதை அட்டவணைகள் தபாலில் வந்து சேரும்போது அந்த ஆசை இன்னும் வலுக்கிறது. நீளவாக்கில் வரிவரியாகப் புடைத்திருக்கும் இத்தாலியச் சுக்கினியான கோஸ்டாட்டா ரோமனெஸ்கோ, ஓரம் நெளிந்த சிறு தட்டைப் போன்ற பாட்டிபேன், பந்தலிலிருந்து வளைந்து தொங்கும் ட்ரோம்பொன்சினோ ஆகிய மூன்றின் படங்களும் கண்ணை ஈர்க்கும். ஆனால் மூன்றுக்கும் இடம் இருக்காது. மூன்றையும் வெவ்வேறு ஆண்டுகளில் வளர்த்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பகுதியில் காயின் படத்தைப் பார்த்துப் பூசணி விதை வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்; பார்க்க வேண்டியது தண்டை.

சமர் ஸ்குவாஷ், அதாவது கோடைப் பூசணி, என்பது ஒரு தனிச் செடியின் பெயர் அன்று. தோலும் விதையும் முற்றுவதற்கு முன், பிஞ்சிலேயே பறித்துச் சமைக்கும் பூசணி வகைகள் எல்லாவற்றுக்கும் அது பொதுப்பெயர். அவற்றுள் பெரும்பாலானவை குக்குர்பிட்டா பெப்போ என்னும் இனத்தைச் சேர்ந்தவை. மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில் உள்ள கிலா நக்கிட்ஸ் குகையில் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையான விதைகள் கிடைத்திருப்பதால், அமெரிக்கக் கண்டத்தில் மனிதர் முதன்முதலில் பயிராக்கிய செடிகளுள் இதுவும் ஒன்று என்று கருதப்படுகிறது. ரோமனெஸ்கோவும் பாட்டிபேனும் இந்த இனம். ட்ரோம்பொன்சினோ மட்டும் குக்குர்பிட்டா மொஸ்கேட்டா என்னும் வேறோர் இனம். இங்கே கடைகளில் கிடைக்கும் பட்டர்நட் பூசணியும், நம் ஊரில் பரங்கிக்காய், அரசாணிக்காய், மஞ்சள் பூசணி என்று வட்டாரத்துக்கு ஒரு பெயர் பெற்ற காயும், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1, கோ 2 ரகங்களும் இதே மொஸ்கேட்டாதான். ஆகவே ட்ரோம்பொன்சினோ போடுகிறவர் பரங்கிப் பிஞ்சுக்கு இத்தாலியில் அமைந்த ஓர் ஒன்றுவிட்ட உறவைத்தான் வளர்க்கிறார்.

இந்த இன வேறுபாடு இங்கே ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே அமெரிக்காவின் பெரும்பகுதியில் பூசணித் தண்டுத் துளைப்பான் என்றொரு பூச்சி இருக்கிறது. அதன் தாய் அந்துப்பூச்சி இரவில் அன்றிப் பகலில் பறக்கும். செம்மஞ்சள் வயிறும் குளவியைப் போன்ற ரீங்காரமும் கொண்டிருப்பதால் பெரும்பாலானவர்கள் அதைக் குளவி என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஜூன் பிற்பகுதியிலிருந்து ஜூலை முழுவதும் அது தண்டின் அடிப்பகுதியில் ஒவ்வொன்றாக முட்டையிடும். முட்டை கேழ்வரகு மணியைவிடச் சிறியது, தட்டையானது, பழுப்பு நிறம் கொண்டது. ஒரு வாரம், பத்து நாளில் பொரிக்கும் புழு நேராகத் தண்டுக்குள் துளைத்துச் சென்று, நான்கிலிருந்து ஆறு வாரம் உள்ளேயே தின்று, பிறகு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டிக் குளிர்காலத்தைக் கழிக்கிறது.

நான் ரோமனெஸ்கோ வளர்த்த முதல் ஆண்டில், ஜூலை நடுவில் ஒரு நண்பகல் செடி முழுவதும் துவண்டு கிடந்தது. வெயிலின் கடுமை என்று எண்ணித் தண்ணீர் ஊற்றினேன். மாலையில் இலைகள் நிமிர்ந்தன. மறுநாளும் அப்படியே. நான்காம் நாள் நிமிரவில்லை. குனிந்து அடித்தண்டைப் பார்த்தபோது, மரத்தூளை நனைத்து அப்பியதைப் போல மஞ்சள் கலந்த ஈரக் கழிவு ஒரு துளையிலிருந்து வழிந்திருந்தது. கத்தியால் நீளவாக்கில் கீறினேன். குழலாக இருந்த தண்டின் உட்புறம் கூழாகி, பழுப்புத் தலையும் வெள்ளை உடலும் கொண்ட மூன்று கொழுத்த புழுக்கள் இருந்தன. பதினொரு காய் பறித்திருந்த செடி அதோடு முடிந்தது.

பெப்போ இனத்தின் தண்டு தடித்தது, மென்மையானது, உள்ளே குழலானது. அந்தப் புழுவுக்கு அது வாழ ஏற்ற வீடு. மொஸ்கேட்டாவின் கொடி மெலிந்தது, உறுதியானது, உள்ளே நிறைந்தது. புழு நுழைந்து பிழைப்பது கடினம். இதைத் தவிர மூன்று வகைகளுக்கும் இடையே உள்ள மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதற்கு அடுத்தபடியானவை என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் ரோமனெஸ்கோவைத் தள்ளிவிட மனம் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சுவையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் முதலிடம் அதற்கே. ரோமாபுரிப் பகுதியின் இந்த மரபு ரகத்துக்கு நீர்ச்சத்து குறைவு. வேகவைத்தாலும் குழையாமல், இலேசான கொட்டைப் பருப்பு வாசத்துடன் நிற்கும். குறுக்காக அரிந்தால் ஒவ்வொரு வில்லையும் ஓரம் நெளிந்த பூவைப் போல இருக்கும். இன்னொரு சிறப்பு, இது மிகுதியாகத் தரும் பெரிய ஆண் பூக்கள். மொசரெல்லா பாலாடைக்கட்டியும் நெத்திலி மீனும் உள்ளே வைத்து, மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்து ரோமில் விற்கும் பூ பெரும்பாலும் இத்தகைய சுக்கினியின் பூதான். மார்கழிக் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகி வைத்த மஞ்சள் பூவைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அதன் உறவான ஒரு பூவை பஜ்ஜி மாவில் தோய்த்துப் போட்ட முதல் நாள் சிறிது தயக்கம் இருந்தது. இப்போது பூவுக்காகவே அந்தச் செடியை நினைத்துக்கொள்கிறேன். காய்ப்பு, கலப்பின ரகங்களைவிடக் கணிசமாகக் குறைவு. செடியும் புதராக அடங்கி நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். ஒரு செடிக்கு நான்கடிக்கு நான்கடி இடம் ஒதுக்க வேண்டும். தண்டும் மிகத் தடித்தது என்பதால் துளைப்பானுக்கு நல்ல விருந்து.

இதைக் காப்பாற்ற வழிகள் உண்டு. விதைத்த நாளிலிருந்து பூக்கும் வரை மெல்லிய வலைத்துணியால் மூடி வைக்கலாம்; பூத்தவுடன் தேனீக்காகத் துணியை எடுத்தாக வேண்டும், அந்தப் பூச்சி பறப்பதும் ஏறத்தாழ அதே காலத்தில். முந்திய ஆண்டு பூசணி இருந்த பாத்தியிலேயே துணி போட்டு மூடினால், மண்ணுக்குள் இருந்த பூச்சி துணிக்கு உள்ளேயே வெளிவந்து நிம்மதியாக முட்டையிடும் என்பதால் பாத்தியையும் மாற்ற வேண்டும். நாள்தோறும் அடித்தண்டைப் பார்த்து முட்டையைத் துடைத்து எடுப்பதும் பலன் தரும். இவை எல்லாம் செய்யக்கூடியவையே. ஆனால் காலை ஏழு மணிக்கு ரயிலைப் பிடித்து நியூயார்க்குக்கு வேலைக்குப் போகிறவர் ஆறு வாரம் விடாமல் செய்வார் என்று நான் நம்பவில்லை.

பாட்டிபேன் வட அமெரிக்கப் பூர்வகுடிகள் ஐரோப்பியர் வருகைக்கு முன்பே வளர்த்த வகை. சுக்கினியோ, அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து போன விதையிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியில் உருவாகித் திரும்பி வந்தது. ஆகவே இந்த மண்ணுக்கு உரிமை கொண்டாடக்கூடிய காய் பாட்டிபேன்தான். செடி அடக்கமான புதர். பெரிய தொட்டியிலும் வளரும். விதைத்த 50, 55 நாளில் காய் வரும். வெள்ளை, இளம்பச்சை, மஞ்சள் என்று நிறங்கள் உண்டு. 1985இல், சிறந்த புது ரகங்களுக்கு வழங்கும் ஆல்-அமெரிக்கா விருதைப் பெற்ற சன்பர்ஸ்ட் என்னும் மஞ்சள் ரகத்தின் விதை இன்றும் எளிதில் கிடைக்கிறது. இரண்டு, மூன்று அங்குல அகலத்தில் பறித்தால் தோலோடு சமைக்கலாம். நான்கு நாள் மறந்துவிட்டால் தோல் மரத்துவிடும்.

தண்டு விஷயத்தில் பாட்டிபேனும் பெப்போதான். துளைப்பான் அதையும் விடாது. ஆனால் விரைவில் காய்க்கும் குணம் அதற்கு ஒரு தப்பும் வழியைத் தருகிறது. ஜூலை முதல் வாரத்தில் விதைத்தால், செடி முட்டையிடத் தக்க அளவுக்குத் தடிப்பதற்குள் அந்துப்பூச்சியின் பறக்கும் காலம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆகஸ்டு கடைசியில் காய்க்கத் தொடங்கி, அக்டோபரில் உறைபனி விழும் வரை தரும். இடையில் இலைகளில் மாவு தூவியதைப் போலச் சாம்பல் நோய் வரும். அது செடியைத் தளர்த்தும், உடனே கொல்லாது. ரோமனெஸ்கோவையும் இப்படித் தாமதமாக விதைக்கலாம், நானும் செய்து பார்த்தேன். பெரிய செடி தன் முழு அளவை எட்டும்போது இரவுகள் குளிர்ந்துவிடுவதால், காய்ப்பு மனத்துக்கு நிறைவாக இல்லை.

இனி ட்ரோம்பொன்சினோ. இத்தாலியின் வடமேற்குக் கடலோரமான லிகூரியாவில், அல்பெங்கா என்ற ஊரின் பெயரால் அல்பெங்காவின் ஊதுகொம்பு என்று பொருள்படும் பெயரில் வழங்கும் காய் இது. இளம்பச்சை நிறம், நீண்டு மெலிந்த கழுத்து, நுனியில் சிறு குமிழ். விதை முழுவதும் அந்தக் குமிழுக்குள் அடங்கிவிடுவதால் கழுத்துப் பகுதி முழுவதும் விதையில்லாத சதை. சமைப்பவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது, சுக்கினியின் நடுச்சோற்றை வழித்து எறிந்து பழகியவர்களுக்குத்தான் தெரியும். ஒன்றேகால் அடிக்குள் பறிப்பது நல்லது. விட்டால் மூன்றடிக்கும் மேல் நீளும். தரையில் கிடந்தால் வளையும்; பந்தலிலிருந்து தொங்கினால் தன் எடையால் ஓரளவு நேராக இறங்கும்.

இதன் கொடி 10 அடிக்குக் குறையாமல் ஓடும். நல்ல எரு போட்ட இடத்தில் 15 அடியையும் தாண்டும். ஆகவே பந்தலோ, உறுதியான கம்பி வேலியோ இல்லாதவர் இதை எடுக்கவே கூடாது. முதல் ஆண்டு நான் அவரைக்குப் போடும் நைலான் வலையில் ஏற்றினேன். ஆகஸ்டில் ஒரு மழை இரவில் கொடியும் காயும் சேர்ந்து வலையைக் கீழே இழுத்துவிட்டன. இப்போது மாட்டுப் பட்டிக்குப் பயன்படும் கனமான கம்பி வலையை இரு இரும்புக் கம்பங்களில் கட்டி, ஆறடி உயரத்துக்கு நிறுத்தியிருக்கிறேன். கொடியின் முதல் இரண்டடியை மேலே ஏற்றாமல் தரையில் கிடக்கவிட்டு, ஒரு கணுவின் மேல் இரண்டு கைப்பிடி மண் போட்டு வைத்தால் அங்கே புது வேர் பிடிக்கும். அடித்தண்டுக்கு ஏதேனும் நேர்ந்தாலும் கொடி அந்த வேரில் பிழைத்துக்கொள்ளும். நம் ஊரில் பரங்கிக் கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.

குறைகளையும் மறைக்கக் கூடாது. முதற்காய்க்கு 70, 80 நாள் ஆகும். பக்கத்து வீட்டுச் சுக்கினி ஜூலைத் தொடக்கத்தில் காய்த்துக் குவிக்கும்போது, நம் பந்தலில் இலை மட்டுமே இருக்கும். அந்த மூன்று வாரம் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் ஆகஸ்டில் பக்கத்து வீட்டுச் செடிகள் துவளத் தொடங்கும் நேரத்தில் இது காய்க்கத் தொடங்கி, உறைபனி வரை நிற்காது. துளைப்பானைத் தாங்குமே தவிர எல்லாப் பூச்சியையும் தாங்காது. இலையடியில் வெண்கல நிற முட்டைகளை வரிசையாக இடும் பூசணி நாவாய்ப்பூச்சி இதையும் தாக்கும், அவற்றை வாரம் ஒருமுறை நசுக்கியாக வேண்டும். பறிக்காமல் விட்ட காய் பட்டர்நட்டைப் போல வெளிர் பழுப்பாக முற்றி, மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கும் என்பது உண்மை. சுவையில் அது பட்டர்நட்டுக்கு ஈடாகாது என்பதும் உண்மை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நியூஜெர்சியில் வாழும் இத்தாலிய வம்சாவளியினர் தங்கள் கொல்லையில் குக்கூட்ஸா என்றொரு நீளக் காயை வளர்ப்பார்கள். பேச்சு வழக்கில் அது கூகூட்ஸ் ஆகிவிடும். பலர் அதையும் ட்ரோம்பொன்சினோவையும் ஒன்றென்று எண்ணி விதை வாங்கிவிடுகிறார்கள். குக்கூட்ஸா பூசணியே அன்று. நம் சுரைக்காய்தான், நீளமானது. இலையைத் தடவிப் பார்த்தாலே தெரியும், பட்டுப் போன்ற மென்மை சுரைக்கு. சுரையின் வெள்ளைப் பூ அந்தியில் விரிந்து இரவில் அந்துப்பூச்சிகளை எதிர்பார்த்து நிற்பது. அந்துப்பூச்சி வரத்து குறைந்த இடத்தில் மாலையில் நாமே தூரிகை கொண்டு மகரந்தம் தடவ வேண்டியிருக்கும். ஏற்கெனவே சுரை வளர்ப்பவர்கள், ஒரே பந்தலில் இரண்டையும் ஏற்றி ஒன்றையொன்று நெருக்கச் செய்யாமல் ஏதேனும் ஒன்றோடு நிற்பது நல்லது.

பூசணி வகைகள் மூன்றுக்கும் இந்த இரவு வேலை இல்லை. மஞ்சள் பூக்கள் விடியலில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும். பூசணிப் பூவையே நம்பி வாழும் தனித் தேனீ ஒன்று இந்நாட்டில் இருக்கிறது; மற்றத் தேனீக்கள் கிளம்புவதற்கு முன்பே அது வேலையைத் தொடங்கிவிடும். பகலில் வாடிச் சுருண்ட பூவை மெல்லப் பிரித்தால், உள்ளே ஆண் தேனீ உறங்குவதைப் பார்க்கலாம். அது மண்ணுக்குள் கூடு கட்டுவது என்பதால், பூசணிப் பாத்தியைச் சுற்றி ஆழமாகக் கிளறாமல் இருப்பது அதற்கு நாம் செய்யும் உதவி. முதலில் பத்து நாள் ஆண் பூவாகவே வந்து உதிரும்போது பதற வேண்டியதில்லை. பெண் பூ பின்னால் வரும், அடியில் சிறு பிஞ்சு ஒட்டியிருப்பதே அதன் அடையாளம்.

விதை எடுத்து வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அடுத்த செய்தியைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். பெப்போ இனத்து வகைகள் யாவும் ஒன்றோடொன்று தடையின்றிக் கலக்கும். ரோமனெஸ்கோவின் பூவுக்கு நான்கு வீடு தள்ளி அலங்காரத்துக்கு வளரும் கசப்புப் பூசணியின் மகரந்தம் வந்து சேர்ந்தால், அந்த ஆண்டுக் காய் வழக்கம் போலவே இருக்கும். அதிலிருந்து எடுத்த விதையில் அடுத்த ஆண்டு விளையும் காயில் குக்குர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சு இருக்கக்கூடும். வேகவைத்தாலும் அது அழியாது. ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில் 2015இல், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த சுக்கினியைச் சமைத்து உண்ட 79 வயது முதியவர் ஒருவர் இந்த நஞ்சால் இறந்தார். ட்ரோம்பொன்சினோ மொஸ்கேட்டா என்பதால் பெப்போவோடு எளிதில் கலக்காது. அருகில் பட்டர்நட்டோ பரங்கியோ இல்லையென்றால், அதன் விதையை எடுத்து வைப்பதில் இந்த அச்சம் மிகக் குறைவு. எந்த வகையானாலும், முதற்காயை அரிந்தவுடன் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டுக் காய் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். பாகற்காய்க்குப் பழகிய நாக்கு இதில் கசப்பைப் பொறுத்துக்கொண்டு விடக் கூடாது.

சமையலைப் பொறுத்தவரை, நம் வீடுகளுக்கு ட்ரோம்பொன்சினோவே பொருந்துகிறது. கடைச் சுக்கினியைக் கூட்டில் போட்டால் கரைந்து நீர் விட்டுப் பருப்பைத் தளர்த்திவிடும். ட்ரோம்பொன்சினோவின் கழுத்தைச் சிறு சதுரங்களாக அரிந்து பாசிப்பருப்போடு வேகவைத்து, தேங்காயும் சீரகமும் மிளகாயும் அரைத்துவிட்டால், துண்டு துண்டாக நிற்கும் புடலங்காய்க் கூட்டைப் போல அமையும். பாட்டிபேனின் தலையைச் சீவி, உள்ளே குடைந்து, உருளைக்கிழங்கு மசாலா அடைத்து அடுப்பில் சுட்டால் பிள்ளைகள் விரும்பி உண்கிறார்கள். ரோமனெஸ்கோவுக்கு மசாலாவே தேவையில்லை. நல்லெண்ணெயில் உப்பும் மிளகும் போட்டு வதக்கினால் போதும்.

எனவே, தென்முகமாக வெயில் விழும் உறுதியான வேலியோ, பந்தல் போட இடமோ இருப்பவர்கள் தயங்காமல் ட்ரோம்பொன்சினோவை எடுக்கலாம். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டு கொடி போதும், மூன்றாவது கொடி அண்டை வீட்டாருக்குத்தான் பயன்படும். மாடத்தொட்டி மட்டுமே உள்ளவர்களுக்கும், இரண்டடிப் பாத்திக்கு மேல் ஒதுக்க முடியாதவர்களுக்கும் பாட்டிபேன். ரோமனெஸ்கோவை, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கும், நாளுக்கு ஒருமுறை செடியடியில் குனிந்து பார்ப்பதை ஒரு சுமையாக நினைக்காதவர்களுக்கும் மட்டுமே பரிந்துரைக்கிறேன். அவர்களும் பூவுக்கும் சுவைக்குமாக ஒரே ஒரு செடி வைத்தால் போதுமானது.

நான் இந்த ஆண்டு செய்யப்போவது இது. மே மாதக் கடைசி வாரத்தில், மண்ணில் விரலை விட்டால் குளிர்ச்சி தட்டாத நாளாகப் பார்த்து, பாத்தியின் வடக்கு ஓரத்தில், மற்றச் செடிகளின் மேல் நிழல் விழாத இடத்தில், ஓர் அங்குல ஆழத்தில் ட்ரோம்பொன்சினோ விதைகளை இரண்டிரண்டாக ஊன்றி, முளைத்த பிறகு குழிக்கு ஒன்றாகக் குறைத்துவிடுவேன். பாட்டிபேன் விதைப் பொட்டலத்தை அதுவரை பிரிக்காமல் வைத்திருந்து, பூண்டு பிடுங்கிய இடம் ஜூலைத் தொடக்கத்தில் காலியாகும்போது, அந்த வார இறுதியில் அங்கே விதைப்பேன்.